மான் இறைச்சியும் ஒரு பாதிப் படமும்

1

போன சனிக்கிழமை காலை டேல் தொலைபேசி எடுத்தான். மான் வேட்டை தொடங்கப்போகிறது, புதிதாகச் சுடப் பழகியவர்கள் இந்த முறை நிறையப் பேர் சேர்ந்திருக்கிறார்கள், நீ வந்து அந்தக் கறியைச் சமைத்துக் காட்ட வேண்டும் என்றான். இரண்டு வருடமாக ஏதாவது சாட்டுச் சொல்லித் தப்பிக்கொண்டு வருகிறேன். முதல் வருடம் வேலை என்றேன். அடுத்த வருடம் முதுகு நோ என்றேன். இந்த முறை சாட்டுக்கூட வாயில் வரவில்லை. வரமாட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

அவன், உன் தம்பிதான் வெளியே வந்துவிட்டானே, பிறகு என்ன என்று கேட்டான்.

டேல் கெட்டவன் இல்லை. இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த நல்ல மனிதர்களை எண்ணினால் முதலில் வருகிறவன் அவன்தான். ஆனால் உள்ளே போனவன் வெளியே வந்துவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்கிறவர்களுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவன். அவனுக்கு நான் எதைச் சொல்லி விளங்கப்படுத்துவது? பார்க்கலாம் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். அவனிடம் சொல்லாததை ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொல்லலாம் என்று தோன்றியது. உங்களுக்காவது பாதி முன்பே தெரிந்திருக்கும்.

2

துவக்கும் தோட்டாவுமாக ஆட்கள் திரிகிறார்கள் என்று சொன்னால் உங்கள் மனதில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். டெக்சாஸில் அப்படி இல்லை. இங்கே வங்கியில் வேலை செய்கிறவன், பல் வைத்தியர், பள்ளிக்கூட ஆசிரியை எல்லோரும் நவம்பர் மாதம் பிறந்தால் துவக்கைத் தூக்கி வண்டியின் பின்னால் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போகிறார்கள். அதற்கு அனுமதிச் சீட்டு, தூண்டிலும் கூடாரமும் விற்கிற கடையிலேயே கிடைக்கும். எனக்கு அதை எழுதித் தந்த பையன் சுவிங்கம் சப்பிக்கொண்டே எழுதினான். அதற்குச் சில மாதங்கள் கழித்து என் தம்பி குணம், வவுனியாவிலிருந்து கொழும்புக்குப் போய்வர இராணுவம் தருகிற ஒரு பாஸ் எடுப்பதற்காக, விடியுமுன் போய் வரிசையில் நின்றுகொண்டிருந்தான்.

எனக்கு ஹியூஸ்டனில் எண்ணெய்க் குழாய்களுக்கு வரைபடம் போடுகிற ஒரு அலுவலகத்தில் வேலை. டேல் என் பகுதிக்கு மேலாளர். நகரத்துக்கு மேற்கே அவனுக்குத் தகப்பன் வழியில் வந்த காணி இருக்கிறது. ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் என் மனைவி றெஜினா கட்டித் தந்த ஆட்டுக்கறியில் ஒரு துண்டு எடுத்து வாயில் வைத்தவன், மானை இப்படிச் சமைக்க முடியுமா என்று கேட்டான். முடியும் என்றேன். அடுத்த திங்கட்கிழமை ஒரு பனிக்கட்டிப் பெட்டியில் மானின் பின்னந்தொடை ஒன்றைக் கொண்டுவந்து என் காரில் ஏற்றிவிட்டான்.

றெஜினா யாழ்ப்பாண டவுனில் வளர்ந்தவள். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "உதை நான் தொடமாட்டன். கொண்டந்த ஆள்தான் சமைக்கவேணும்," என்றாள்.

நான் வன்னிக்காரன். எங்கள் வயலுக்கு அந்தப் பக்கம் காடு. மான் இறைச்சி எங்கள் வீட்டில் அதிசயமில்லை. அப்பா வைத்திருந்த துவக்கு பன்றி விரட்டுவதற்காக எடுத்த சொட்கன். பிரச்சினை தொடங்கிய புதிதில் அதைப் பொலிசில் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொன்னார்கள், ஒப்படைத்தார். அது திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் துவக்கு என்றால் வேட்டை என்ற நினைப்பே எவருக்கும் வராமல் போய்விட்டது. நான் விடுதியில் இருந்து படித்தேன். பிறகு துவக்கு எதையும் தூக்காமல் நாட்டை விட்டு வெளியேறினேன். என் வயதுக்காரர்களில் அப்படி வெளியேறியவர்கள் எல்லோரையும் போல, அதற்காகக் கொஞ்சம் வெட்கமும் கொஞ்சம் நிம்மதியும் எனக்கு இருந்தது.

மானில் கொழுப்பு ஒரு துளி விடக்கூடாது. மெழுகு போல அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மேலே இருக்கிற வெள்ளைச் சவ்வைக் கத்தி நுனியால் உரித்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் நாரை மெல்வது போலத்தான் இருக்கும். இதெல்லாம் டேலுக்கும் தெரியும். ஆனால் இவர்கள் காட்டு வாசம் போவதற்கு இறைச்சியை மோரில் ஊறப்போடுகிறார்கள், பிறகு பன்றி இறைச்சியால் சுற்றி வாட்டுகிறார்கள். காட்டு வாசம் வேண்டாம் என்றால் எதற்காகக் காட்டுக்குப் போனீர்கள் என்று கேட்டேன். டேல் வயிறு குலுங்கச் சிரித்தான். நான் இறைச்சியைக் குழாய்த் தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவுவதைப் பார்த்தபோதுதான் அவன் முகம் மாறியது. ருசி எல்லாம் தண்ணீரோடு போகிறது என்று கத்தினான். கழுவாத இறைச்சி எங்கள் சட்டிக்குள் போகாது என்றேன். அந்தச் சண்டை கடைசிவரை தீரவில்லை.

அவனுக்கு ஒரு கோபம் இருந்தது. நகரத்துப் பிள்ளைகள் சுடப் பழகுகிறார்கள், மானை விழுத்துகிறார்கள், படம் எடுக்கிறார்கள், அதற்குப் பிறகு இறைச்சியை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியாது. கடையில் கொடுத்து சொசேஜ் ஆக்குகிறார்கள், அல்லது குளிர்பெட்டிக்குள் போட்டு மறந்துவிட்டு அடுத்த வருடம் குப்பையில் போடுகிறார்கள். அதனால்தான் தன் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கிற மண்டபத்தில் சனிக்கிழமைகளில் வகுப்பு வைத்தான். சுட்டவர் சாப்பிட வேண்டும், முதல் வாய் சுட்டவருடையது. அதுதான் வகுப்பின் சட்டம். மான் கறிக்கு நான் வாத்தியார்.

முதல் வகுப்பிலேயே லிண்டா என்று ஒரு ஆசிரியை அழுதாள். தான் சுட்ட மானின் கண் தன்னைப் பார்த்தபடி இருந்தது, இதை எப்படிச் சாப்பிடுவேன் என்றாள். டேல் கரண்டியை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றான். நான் வறுத்த தூளும் தேங்காய்ப்பாலும் கறிவேப்பிலையும் போட்டு வைத்த கறி. கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டு சாப்பிட்டாள். பிறகு கண்ணைத் திறந்து, சோறு இருக்கிறதா என்று கேட்டாள். மண்டபம் முழுக்கக் கை தட்டியது.

இந்த நாட்டுக்கு வந்து இவ்வளவு வருடத்தில், உன் உச்சரிப்பு எந்த நாட்டு உச்சரிப்பு என்று கேட்காமல், உனக்கு என்ன தெரியும் என்று என்னிடம் கேட்டவர்கள் அந்த மண்டபத்தில் இருந்தவர்கள்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அது பொய்ச் சந்தோஷம் இல்லை. அதனால்தான் இப்போது நினைக்க எரிச்சல் வருகிறது.

வத்தல் போடவும் காட்டினேன். இவர்கள் சீனியும் சோயாவும் சேர்த்து இறைச்சியைக் காயவைத்து ஜெர்க்கி என்பார்கள். நான் உப்பும் மஞ்சளும் மட்டும் பூசி டேலின் களஞ்சியத்தில் கம்பி கட்டித் தொங்கவிட்டேன். காய்ந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து இடித்துச் செத்தல் மிளகாயோடு பொரித்தபோது புகை மணி அடித்து, பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிட்டார். தொடமாட்டேன் என்ற றெஜினா அன்றைக்கு அந்தப் பொரியலோடு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

3

சமைக்கப் பழக்குகிறவன் ஒன்றாவது சுட்டிருக்க வேண்டும் என்று டேல் அரித்துக்கொண்டே இருந்தான். எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஓரளவுக்கு மேல் மறுத்தால், ஏன் இந்த மனிதன் துவக்கைக் கண்டு இப்படி ஒதுங்குகிறான் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அதைவிட ஒரு மானைச் சுடுவது லேசு என்று நினைத்தேன். தூக்காமல் தப்பிய துவக்கை டெக்சாஸில் வந்து தூக்கினேன்.

டேல் தன்னுடைய பழைய உடுப்பைத் தந்தான். இலையும் குழையும் சேறுமாக நிறம் போட்ட உடுப்பு. மானுக்குத் தெரியாமல் இருக்க இங்கே எல்லோரும் அதைத்தான் போடுவார்கள். கடையில் குழந்தைப் பிள்ளைகளின் அளவுக்குக்கூட விற்கிறார்கள். என் வெடி எப்படியோ பட்டது. மான் கொஞ்சத் தூரம் ஓடி விழுந்தது. நான் கிட்டப் போய்க் கழுத்தைத் தொட்டபோது சூடாக இருந்தது. எனக்குப் பெருமை ஒன்றும் வரவில்லை. டேல் என்னை மானுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருக்கச் சொன்னான். ஒரு கையில் துவக்கு, மற்றக் கையால் மானின் கொம்பைப் பிடித்துத் தலையைத் தூக்க வேண்டும். முதல் மானுக்கு எல்லோரும் அப்படித்தான் படம் எடுப்பது வழக்கம். சிரி என்றான். சிரித்தேன்.

படம் கழுவி வந்தபோது வீட்டில் அதற்கு ஒரே மதிப்பு. என் மகள் ஷாமினிக்கு அப்போது பத்து வயது. நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை. என் வேலையைப் பற்றியோ ஊரைப் பற்றியோ ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, யூ லுக் சோ கூல்," என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒன்று வந்தது அதுதான் முதல் தடவை.

அந்த வருடம் நத்தாருக்குச் சித்தப்பாவுக்குக் கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டை அனுப்பும்போது அந்தப் படத்தில் ஒரு பிரதியை உள்ளே வைத்து ஒட்டிவிட்டாள். நேரில் காணாமல் கடிதத்தில் மட்டும் பழகிய சித்தப்பாவுக்குத் தன் அப்பாவைக் காட்ட ஆசைப்பட்ட பிள்ளை. வேறு எந்தத் தகப்பனுக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும்.

4

குணம் எனக்கு எட்டு வயது இளையவன். ஆசிரியராக வர இருந்தவன். வன்னியில் சண்டை கடுமையானபோது எல்லோரோடும் சேர்ந்து அவனும் வீட்டை விட்டு ஓடினான். முதலில் மரங்களுக்குக் கீழே, பிறகு வவுனியாவில் ஒரு பள்ளிக்கூடத்து அகதி முகாமில், அதற்குப் பிறகு நான் அனுப்பிய காசில் ஒரு வீட்டு அறையில் இருந்தான். அப்பாவும் அம்மாவும் முன்பே இறந்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் மிச்சம் அவன்தான்.

அமெரிக்க அரசு நடத்துகிற கிரீன் கார்ட் லொத்தர்க் குலுக்கல் பற்றி உங்களுக்குத் தெரியும். அவன் பெயரில் நான் போட்டேன், விழுந்துவிட்டது. என் வாழ்க்கையில் லொத்தர் எதிலும் ஒரு சதமும் விழுந்ததில்லை, இது விழுந்தது. றெஜினா அழுதேவிட்டாள். கொழும்பில் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. இதில் ஒரு விதி இருக்கிறது. அந்த வருடம் செப்டம்பர் முடிவதற்குள் வீசா கையில் கிடைத்துவிட வேண்டும். கிடைக்காவிட்டால் விழுந்தது விழாததாகிவிடும். யாருக்காகவும் எதற்காகவும் ஒரு நாள்கூட நீட்டமாட்டார்கள்.

அவன் இங்கே வந்து யாருடைய வீட்டில் இருப்பான், யார் பொறுப்பு என்று நேர்முகத்தில் கேட்பார்கள். நான் பொறுப்பென்று எழுதிக் கொடுத்தேன். அண்ணன் தம்பி என்பதற்கு ஆதாரமாகப் பிறப்புப் பத்திரமும், கடிதங்களும், அண்மையில் எடுத்த படங்களும் கொண்டுபோனால் நல்லது என்று இங்கே ஒரு வழக்கறிஞர் சொன்னார். குணம் தன் தெருவில் இருந்த கொமினிக்கேசன் என்கிற தொலைபேசிக் கடைக்கு வரும் நேரம் பார்த்து எடுத்து அதைச் சொன்னேன். பழைய படம் எல்லாம் வீட்டோடு போய்விட்டது அண்ணை என்றான். புதிதாக அனுப்புகிறேன் என்றேன். வேண்டாம், தபால் வந்து சேர்வதற்குள் நேர்முகம் முடிந்துவிடும், பிள்ளை அனுப்பியது ஒன்று என்னிடம் இருக்கிறது, முகம் வடிவாகத் தெரிகிறது என்றான். பாஸ் கிடைத்துவிட்டதா என்றுதான் அடுத்ததாகக் கேட்டேன். கிடைத்துவிட்டது என்றான். எங்கள் இருவருக்கும் அன்றைக்கு அந்தப் பாஸ்தான் உலகமாக இருந்தது.

5

அவன் கொழும்பு போய்ச் சேரவில்லை. அவனுக்கு அறை வாடகைக்குக் கொடுத்திருந்த மாஸ்டர்தான் தொலைபேசி எடுத்துச் சொன்னார். நான் வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பஸ்ஸை நிறுத்திய இராணுவச் சோதனைச் சாவடியில் தம்பியை மட்டும் இறக்கி எடுத்துவிட்டார்கள், பையில் ஏதோ படம் இருந்ததாம் என்றார். நான் ஒரு சப்பாத்தோடு தரையில் இருந்துவிட்டேன்.

தம்பிக்காக வாதாடக் கொழும்பில் நான் பிடித்த சட்டத்தரணி மூலம்தான் விவரம் தெரிந்தது. நீங்கள் நினைப்பது போல இல்லை. குணம் முட்டாள் இல்லை. துவக்கோடு ஒருவன் நிற்கிற படத்தை அந்த ஊரில் எவனும் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரியமாட்டான். அவன் கத்தரிக்கோல் எடுத்துப் படத்தை வெட்டியிருக்கிறான். என் முகமும் தோளும் மட்டும் இருக்கும்படி வெட்டி, மற்றப் பாதியை அடுப்பில் போட்டுவிட்டான்.

அவன் வெட்டாமல் விட்டது என் தோளில் இருந்த சட்டை. இலையும் குழையும் போட்ட அந்தச் சட்டையை டெக்சாஸில் ஐந்து வயதுப் பிள்ளை போடும். எங்கள் பக்கத்தில் அதை இயக்கத்துப் போராளிகள்தான் போடுவார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தமிழ் முகம், அந்தச் சட்டை, கத்தரிக்கோலால் வெட்டிய விளிம்பு. சாவடியில் இருந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, வெட்டின பாதி எங்கே என்பதுதான்.

எரித்துவிட்டேன் என்றிருக்கிறான். அதில் என்ன இருந்தது என்று கேட்டிருக்கிறார்கள். அவனுக்குப் பொய் சொல்ல வராது, சின்ன வயதிலிருந்தே வராது. துவக்கும் ஒரு மானும் என்று சொல்லியிருக்கிறான். துவக்கை வெட்டிவிட்டால் ஆபத்து போய்விடும் என்று நினைத்தவன், அதோடு சேர்த்து மானையும் வெட்டிவிட்டான்.

6

முழுப் படம் என்னிடம் இருந்தது. அதை அனுப்புவதா வேண்டாமா என்பதில் நாட்கள் போயின. அனுப்பினால் மான் தெரியும். துவக்கும் தெரியும். சட்டத்தரணி முதலில் கடவுளே அனுப்பிவிடாதீர்கள் என்றார். பிறகு, அனுப்புங்கள், ஆனால் இது சட்டப்படி நடந்த வேட்டை என்று அமெரிக்கர் ஒருவர் சத்தியக் கடதாசி தர வேண்டும் என்றார். நான் டேலிடம் போனேன்.

டேலுக்கு விளங்கவே இல்லை. படத்தை அவன்தான் எடுத்தவன். அந்தப் படத்துக்காக ஒருவனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதைத் திரும்பத் திரும்பக் கேட்டான். ஆனால் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதித் தந்தான். தன் காணி, தன் துவக்கு, மானுக்குக் கட்டிய சீட்டு எல்லாம் எழுதினான். அதோடு நின்றிருக்கலாம். நேதன், அதாவது அருள்நாதன் என்கிற நான், மிகச் சிறந்த சமையல்காரன் என்றும், புதிதாகத் துவக்குப் பிடிக்கிறவர்களுக்கு இரண்டு வருடமாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன் என்றும் எழுதியிருந்தான். எனக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்துத்தான் எழுதினான்.

சட்டத்தரணி அதைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் மூச்சு விடாமல் பேசினார். "தம்பி, உந்தப் பயிற்சிக் கதையை இஞ்சை ஆரும் வாசிச்சால், அவரோடை சேத்து எனக்கும் ஒரு அறை ஒதுக்குவாங்கள்."

டேலிடம் திரும்பப் போய் அந்த வரியை எடுக்கச் சொன்னேன். ஏன், அது உண்மைதானே என்றான். கறி சமைக்கப் பயிற்சி என்று மாற்றட்டுமா என்றான். எதுவும் வேண்டாம், எடுத்துவிடு என்றேன். அவன் முகம் சுருங்கிப் போயிற்று. ஒரு மனிதனைப் பற்றி நல்லது சொன்னால் அது எப்படிக் குற்றமாகும் என்று அவனுக்கு நான் விளங்கப்படுத்தவில்லை. விளங்கப்படுத்துகிற பொறுமை எனக்கு இல்லை. சரியாகச் சொன்னால் அவன்மேல் எனக்கு அப்போது ஆத்திரமாக இருந்தது. அவன் செய்த பிழை ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டே ஆத்திரமாக இருந்தது.

இங்கே இருக்கிற எங்கள் ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். விஷயம் காதில் விழுந்த முதல் கிழமை முழுக்க எல்லோரும் தொலைபேசி எடுத்தார்கள். யாரைப் பிடிக்கலாம், எங்கே எழுதலாம் என்று ஆளுக்கு ஒரு வழி சொன்னார்கள். பிறகு யாரோ ஒருவர், அருள்நாதன் துவக்குப் பழகினவராம் என்று அரைகுறையாகச் சொல்லியிருக்க வேண்டும். தொலைபேசிகள் குறைந்தன. மகளின் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் வரவில்லை. ஒருவர் மட்டும் வெளிப்படையாகவே, தனக்கு இன்னும் கிரீன் கார்ட் வரவில்லை, குறை நினைக்கக்கூடாது என்றார். அவரில் எனக்குக் கோபம் இல்லை. மற்றவர்களில் இருக்கிறது.

ஷாமினியிடம் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பா ஏன் பதில் எழுதவில்லை என்று கேட்டாள். வீடு மாறிவிட்டார் என்று றெஜினா சொன்னாள். கொஞ்ச நாளில் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். ஹீ மஸ்ட் பி பிஸி என்று தானே ஒரு காரணத்தையும் கண்டுபிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஊரோடு இருந்த ஒரே ஒரு சொந்தம் அந்தக் கடிதங்கள்தான். இன்றைக்கு அவளுக்கு அவருடைய பெயர்கூடச் சட்டென்று நினைவுக்கு வருமா தெரியாது. உண்மையைச் சொல்லியிருந்தால் மறந்திருக்கமாட்டாள். சொல்லவும் முடியாது. இந்தப் பாரத்தைப் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் எந்தத் தாய் வைப்பாள்?

செப்டம்பர் போய்விட்டது. கடைசி நாள் விடியும்வரை நான் சட்டத்தரணியையும் கொழும்பில் இருக்கிற வீசா அலுவலகத்தையும் தொலைபேசியில் மாறி மாறி எடுத்துக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் பேசிய பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். வருந்துகிறோம், விதியை மாற்ற முடியாது, உங்கள் சகோதரர் அடுத்த வருடம் மறுபடியும் விண்ணப்பிக்கலாம் என்றாள். லொத்தரில் இரண்டாம் முறையும் விழும் என்று நம்பலாமா என்று அவளிடம் கேட்க நினைத்தேன். பாவம், அவள் என்ன செய்வாள் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது றெஜினா குளிர்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். வருடக்கணக்கில் டேல் தந்த மான், நான் சுட்ட மான், போத்தலில் அடைத்து வைத்த வத்தல் எல்லாவற்றையும் எடுத்துக் கறுப்புக் குப்பைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். உறைந்த இறைச்சி கல்லுப் போல ஒன்றில் ஒன்று முட்டி விழுந்தது. நான் தடுக்கவில்லை. பை கிழியும் போல இருந்தது. இன்னொரு பை எடுத்து வந்து அவளுக்குப் பிடித்துக் கொடுத்தேன். இறைச்சியை வீணாக்குகிறவனுக்குத் துவக்குத் தொடத் தகுதியில்லை என்று டேல் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வான். அந்த வகுப்பில் நான் தோற்றுப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

7

நத்தாருக்குக் கொஞ்சம் முன்னால் குணத்தை விட்டார்கள். குற்றம் ஒன்றும் இல்லை என்று விட்டார்கள். கொழும்பில் ஒரு லொட்ஜில் கொண்டுபோய் வைத்துவிட்டு, சட்டத்தரணி எனக்குத் தொலைபேசி இலக்கம் தந்தார். ஞாயிறு காலை பூசைக்குப் போகுமுன் எடுத்தேன். றெஜினாவும் பிள்ளையும் காருக்குள் இருந்தார்கள்.

குரலைக் கேட்டதும் அடையாளம் தெரியவில்லை. முன்பு வேகமாகக் கதைப்பவன். இப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் கொஞ்சம் நின்று நின்று கதைத்தான். சுகமா என்று கேட்டேன், சுகம் என்றான். சாப்பிட்டாயா என்றேன், சாப்பிட்டேன் என்றான். இடது காது கேட்பது குறைவு, வலது பக்கம் வைத்துக் கதைக்கிறேன் என்றான். வீசா போய்விட்டது என்பதை அவனே சொன்னான். நான் ஏதாவது வழி பார்க்கிறேன், கனடாவுக்குப் பார்க்கலாம் என்று நான் சொல்லிக்கொண்டு போனேன். அவன் கேட்டுக்கொண்டிருந்த மாதிரித் தெரியவில்லை.

"அண்ணை, ஒண்டு கேக்கவோ?" என்றான்.

கேளடா என்றேன்.

"அண்ணை அதைச் சாப்பிடத்தான் சுட்டவர் எண்டு நான் ஒவ்வொரு நாளும் சொன்னனான். அவங்களும் ஒவ்வொரு நாளும் ஒரே கேள்விதான் கேட்டவங்கள். என்னடா, அமெரிக்காவிலை இறைச்சிக்கடை இல்லையோ எண்டு. எனக்குத் தெரியாது எண்டு சொன்னால் அடி. இல்லை எண்டு சொன்னாலும் அடி. எனக்கு உண்மையாத் தெரியாதுதானே. அங்கை இறைச்சிக்கடை இருக்கோ அண்ணை?"

எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு பெரிய கடை இருக்கிறது. மாடு, பன்றி, ஆடு, கோழி, வான்கோழி எல்லாம் துண்டு போட்டு, கண்ணாடிக்குப் பின்னால் வெளிச்சம் பிடித்து அடுக்கி வைத்திருப்பார்கள். இரவு பகல் பூட்டமாட்டார்கள். எங்கள் சமையலறை யன்னலில் நின்றால் அதன் பெயர்ப்பலகை தெரியும். நான் அந்த யன்னலில் நின்றுதான் அவனோடு கதைத்துக்கொண்டிருந்தேன்.

"இல்லையடா," என்றேன். "இஞ்சை சுட்டால்தான் சாப்பாடு."

"அப்ப சரி அண்ணை," என்றான் குணம்.